நிரம்பும்போது சிறுநீர்ப்பை ஏன் அடங்கியிருக்கிறது?

வளர்ந்த மனிதரின் சிறுநீர்ப்பை சுமார் 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 150, 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வு மெல்லத் தட்டும். இதில் வியக்க வேண்டியது கொள்ளளவைவிட அழுத்தம்தான். ஏறக்குறையக் காலியாக இருந்த பை அரை லிட்டர் அளவுக்கு விரிந்த பிறகும் அதன் உள்ளழுத்தம் பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் நீர் உயரத்தைத் தாண்டுவதில்லை. கழிக்கலாம் என்று முடிவானதும் அதே தசை சில நொடிகளில் அதைப்போல் பல மடங்கு அழுத்தத்தை எழுப்பிவிடுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் இடம் கொடுத்த தசைதான் இது என்று நம்புவதே கடினம்.

இந்த அடக்கத்துக்குப் பின்னால் இருப்பவற்றில் ஒன்று பரிவு நரம்புகள். நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் தானியங்கு நரம்பு மண்டலத்தின் இரு பிரிவுகளில் ஒன்று இது; பயமும் பதற்றமும் இதைத் தூண்டும். மற்றொன்று எதிர்ப்பரிவு. பாடப்புத்தகங்கள் இவற்றைப் பற்றி ஒரே வரியில் முடித்துக்கொள்ளும்: ‘எதிர்ப்பரிவு நரம்பு சிறுநீர்ப்பையைச் சுருக்கும், பரிவு நரம்பு தளர்த்தும்.’ தேர்வுக்கு இது போதும். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த வரி தடுமாறத் தொடங்குகிறது. பரிவு நரம்பு தளர்த்துவதாகச் சொல்லப்படும் தசையில் பரிவு நரம்பிழைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் அது எங்கே நின்று வேலை செய்கிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் தசை

சிறுநீர்ப்பையின் சுவரில் இருப்பது மென்தசை. குடலிலும் இரத்தக் குழாய்களிலும் இருப்பதைப் போல, நம் விருப்பத்துக்கு நேரடியாகக் கட்டுப்படாத தசை. இதற்கு டெட்ரூசர் என்று பெயர். குடலில் இருப்பதைப் போல வட்ட அடுக்கு, நீள அடுக்கு என்று இங்கே ஒழுங்காகப் பிரித்துவிட முடியாது. தசைக்கற்றைகள் எல்லாத் திசைகளிலும் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. அதனால்தான் சுருங்கும்போது பை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒருசேரச் சிறுத்து, உள்ளே இருப்பதை ஒரே வாயை நோக்கித் தள்ள முடிகிறது.

பையின் அடிப்பகுதியில் முக்கோண வடிவில் ஒரு பரப்பு உண்டு. சிறுநீரகங்களிலிருந்து வரும் இரண்டு நாளங்களின் வாய்களும், சிறுநீர் வெளியேறும் வடிகுழாயின் வாயும் அதன் மூன்று மூலைகள். அதற்குக் கீழே பை குறுகி வடிகுழாயாக மாறும் இடம் சிறுநீர்ப்பையின் கழுத்து. அங்கேயும் மென்தசைதான், ஆனால் அதன் குணம் வேறு. இன்னும் கீழே இருப்பது வெளிச் சுருக்குத்தசை. அது வரித்தசை. அடக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்ததும் நாம் இறுக்குவது அதைத்தான்.

ஆக, மேலே உடல், கீழே கழுத்து. பரிவு நரம்பைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவினை ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நரம்பு வரும் வழி

சிறுநீர்ப்பைக்கு மூன்று பாதைகளில் நரம்புகள் வருகின்றன. தண்டுவடத்தின் கடைக்கோடியில், திரிகப் பகுதியின் 2 முதல் 4 வரையிலான கண்டங்களிலிருந்து எதிர்ப்பரிவு நரம்புகள் புறப்பட்டு, இடுப்புக்கூட்டு நரம்பு வழியாக வந்து டெட்ரூசரைச் சுருக்குகின்றன. அதே கண்டங்களில் இருக்கும் இன்னொரு கூட்டம் நரம்புசெல்கள் வெளிச் சுருக்குத்தசையை இயக்குகின்றன.

பரிவு நரம்புகள் இவ்விரண்டுக்கும் மேலே, மார்புப் பகுதியின் கடைசிக் கண்டங்களிலும் கீழ்முதுகின் முதல் இரண்டு கண்டங்களிலும் தொடங்குகின்றன. மனிதரில் ஏறக்குறைய 11ஆம் மார்புக் கண்டம் முதல் 2ஆம் கீழ்முதுகுக் கண்டம் வரை. மற்ற பாலூட்டிகளில் இந்த எல்லை ஓரிரு கண்டங்கள் ஏறி இறங்கும். தண்டுவடத்தின் சாம்பல்நிறப் பகுதியில் பக்கவாட்டுத் தூணாக அடுக்கியிருக்கும் செல்களிலிருந்து கிளம்பும் இழை பெருந்தமனியின் முன்புறமாக இறங்கி, வலம் இடம் என்று இரண்டு மெல்லிய நரம்புகளாகப் பிரிந்து இடுப்புக்கூட்டுக்குள் நுழைகிறது. இவற்றுக்கு ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்புகள் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் ஆய்வகங்களில் பரிவு நரம்பைத் தூண்ட வேண்டுமென்றால் முதலில் கைவைப்பது இதன் மேல்தான் என்பதால் தவிர்க்க முடியாது.

தானியங்கு நரம்பு மண்டலத்தில் தண்டுவடத்திலிருந்து உறுப்பு வரை ஒரே இழை நீளமாகப் போவதில்லை. வழியில் ஒரு நரம்பு முடிச்சில் முதல் செல் நின்றுவிடும். இரண்டாவது செல் அங்கிருந்து செய்தியை எடுத்துக்கொண்டு போகும். சிறுநீர்ப்பைக்குப் போகும் பரிவு இழைகளில் சில வயிற்றுக்குள், பெருந்தமனியின் அருகில் இருக்கும் முடிச்சிலேயே ஆள் மாறுகின்றன. வேறு சில இடுப்புக்கூட்டு வரை வந்து, உறுப்புக்குப் பக்கத்தில் மாறுகின்றன.

இங்கே விலங்குக்கு விலங்கு அமைப்பு வேறுபடுகிறது. எலியிலும் சுண்டெலியிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பெரிய முடிச்சு இருக்கிறது. அதற்குள் பரிவு செல்களும் எதிர்ப்பரிவு செல்களும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. எலியின் சிறுநீர்ப்பைச் சுவருக்குள் முடிச்சுகள் இல்லை. பூனையிலும் மனிதரிலும் முடிச்சுகள் சிறியவை, பல இடங்களில் சிதறியவை. சில பையின் சுவருக்குள்ளேயே புதைந்திருக்கின்றன. இது வெறும் உடற்கூற்று விவரமாகத் தோன்றலாம். பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு இதுதான் சாவி.

ஒரே வேதிப்பொருள், எதிரெதிர் விளைவு

பரிவு நரம்பின் நுனியில் சுரக்கும் வேதிப்பொருள் நார்அட்ரினலின். இதை ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் 1946இல் உறுதிசெய்தார். அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1904இல், பிரிட்டிஷ் மருத்துவர் டி.ஆர். எலியட், நரம்புத் துடிப்பு வந்து சேரும்போதெல்லாம் நுனியில் அட்ரினலின் போன்ற ஒன்று வெளிப்படுகிறதோ என்று எழுதியிருந்தார். நரம்பு வேதிப்பொருள் வழியாகப் பேசுகிறது என்ற எண்ணத்தின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று. எலியட் அதோடு நிற்கவில்லை. 1907இல் பல பாலூட்டிகளின் சிறுநீர்ப்பையையும் வடிகுழாயையும் ஒப்பிட்டு நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார். ஒரே நரம்பு எல்லா இனங்களிலும் ஒரே வேலையை ஒரே அளவில் செய்வதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. பூனையில் கண்டதை மனிதருக்குப் பொருத்தும்போது தயங்க வேண்டும் என்ற எச்சரிக்கைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அதை மறப்பதும் நூறாண்டு வழக்கமாகவே நடக்கிறது.

நார்அட்ரினலின் ஒரு தசையைத் தளர்த்துமா, சுருக்குமா என்பது அந்தத் தசைச் செல்லின் மேலிருந்து அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை, அதாவது ஏற்பியைப் பொறுத்தது. ஏற்பிகளை ஆல்பா, பீட்டா என்று ரேமண்ட் அல்குவிஸ்ட் 1948இல் பிரித்தார். பிறகு அவற்றுக்குள்ளேயே உட்பிரிவுகள் வந்தன. சிறுநீர்ப்பையின் உடலில் ஆட்சி செய்வது பீட்டா-3. கழுத்திலும் வடிகுழாயின் தொடக்கத்திலும் ஆட்சி செய்வது ஆல்பா-1.

இதை ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். சிறுநீர்ப்பையின் உடலிலிருந்து சில மில்லிமீட்டர் நீளமுள்ள தசைப் பட்டை ஒன்றை வெட்டி எடுப்பார்கள். இரண்டு முனையிலும் நூல் கட்டுவார்கள். ஒரு முனை கண்ணாடிக் கலத்தின் அடியில் உள்ள கொக்கியில், மறுமுனை இழுவிசையை அளக்கும் கருவியில். கலத்துக்குள் உப்புகளும் குளுக்கோஸும் கலந்த கரைசல் 37 டிகிரியில் இருக்கும். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் தசை மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். கலத்தில் கார்பக்கோல் என்ற பொருளைச் சேர்த்தால், எதிர்ப்பரிவு நரம்பு தூண்டியது போலவே பட்டை சுருங்கி நூலை இழுக்கும்; திரையில் கோடு ஏறும். அந்தச் சுருக்கத்தின் மேல் பீட்டா ஏற்பியைத் தூண்டும் ஐசோபிரினலினைச் சேர்த்தால், ஏறிய கோடு மெல்லச் சரிந்து இறங்கும். அடுத்து, கழுத்திலிருந்து எடுத்த பட்டையை அதே கலத்தில் தொங்கவிட்டு, ஆல்பா ஏற்பியைத் தூண்டும் ஃபினைலெஃப்ரினைச் சேர்த்தால், இந்த முறை கோடு மேலே ஏறும். இரண்டு பட்டைகளும் ஒரே உறுப்பிலிருந்து, ஒரு விரல் நீள இடைவெளிக்குள் எடுத்தவை.

செல்லுக்குள் நடப்பதும் அதற்கேற்ப வேறுபடுகிறது. பீட்டா-3 தூண்டப்பட்டால் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருள் பெருகும். அதன் விளைவாகத் தசையைச் சுருக்கும் இயந்திரம் கால்சியத்துக்கு மந்தமாகப் பதில் சொல்லும். பொட்டாசியம் வழிகள் திறந்து செல் அமைதியடையும். ஆல்பா-1 தூண்டப்பட்டால் செல்லின் உள்சேமிப்பிலிருந்து கால்சியம் வெளிப்பட்டுத் தசை இறுகும். பை விரிகிறது, வாய் மூடுகிறது. சேமித்து வைக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எது?

இவ்வளவு அழகாகப் பொருந்தியதால்தான் பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஒளிரும் இழைகள் காட்டியது

1962இல் ஸ்வீடனின் ஃபால்க்கும் ஹில்லார்ப்பும் ஒரு முறையை முழுமைப்படுத்தினார்கள். உறைய வைத்து உலர்த்திய திசுத்துண்டின் மேல் ஃபார்மால்டிஹைடு ஆவியைப் படவிட்டால், அதற்குள் இருக்கும் நார்அட்ரினலின் ஒளிரும் பொருளாக மாறிவிடும். புற ஊதா ஒளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தால், இருட்டில் பச்சை நிறத்தில் மின்னும் மணிக்கோவைகளாகப் பரிவு இழைகள் தெரியும். ஒவ்வொரு மணியும் நார்அட்ரினலின் அடைத்துவைத்த ஒரு புடைப்பு.

இந்த முறையில் சிறுநீர்ப்பையைப் பார்த்தபோது கழுத்தும் முக்கோணப் பரப்பும் எதிர்பார்த்தபடியே மின்னின. ஆனால் பையின் உடல் பெரும்பாலும் இருண்டே கிடந்தது. அங்கங்கே மின்னிய இழைகளிலும் கணிசமானவை இரத்தக் குழாய்களைச் சுற்றிப் போனவை. தசைக்கற்றைகளுக்குள் நுழைந்தவை மிகச் சொற்பம். மனிதர் உட்பட ஆய்வுசெய்த பெரும்பாலான பாலூட்டிகளில் நிலைமை இதுதான்: எதிர்ப்பரிவு இழைகள் டெட்ரூசரில் அடர்ந்து படர்ந்திருக்க, பரிவு இழைகள் அரிதாகவே தென்படுகின்றன.

ஏற்பி நிறைய இருக்கிறது, நரம்பு கொஞ்சம்தான் இருக்கிறது. இது எப்படிப் பொருந்தும்?

அதே ஒளிரும் படங்களில் விடையின் ஒரு பாதி இருந்தது. பூனையின் சிறுநீர்ப்பைச் சுவரிலும் அதன் அருகிலும் இருக்கும் நரம்பு முடிச்சுகளில், எதிர்ப்பரிவு செல்களைச் சுற்றிக் கூடை பின்னியது போலப் பச்சை இழைகள் சூழ்ந்திருந்தன. அதாவது பரிவு நரம்பு தசைக்குப் போகும் வழியில், தசையைச் சுருக்கும் நரம்பின் மேலேயே போய் உட்கார்ந்திருந்தது.

அது அங்கே என்ன செய்கிறது என்பதை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் டி குரோட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் பூனையில் சோதித்துக் காட்டினார்கள். இடுப்புக்கூட்டு நரம்பைத் தூண்டினால் முடிச்சு வழியாகச் செய்தி கடந்து சிறுநீர்ப்பை சுருங்கும். அதற்கு முன் ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்பைத் தூண்டி வைத்தால் அந்தச் செய்தி முடிச்சிலேயே மங்கிவிடுகிறது. இதை முன்னின்று செய்வது ஆல்பா-2 வகை ஏற்பிகள். அவை மூன்றாவது வகை. தசையோடு அவற்றுக்கு இங்கே வேலை இல்லை, நரம்போடுதான் வேலை.

இந்த முடிச்சுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. எதிர்ப்பரிவு இழையில் துடிப்புகள் அரிதாக, விட்டுவிட்டு வந்தால் முடிச்சு அவற்றைப் பெரும்பாலும் கடத்துவதில்லை. அடுத்தடுத்து வேகமாக வந்தால் ஒன்றன் பின் ஒன்றாக வலுவேறிக் கடந்துவிடுகின்றன. பை நிரம்பும்போது எதிர்ப்பரிவு நரம்பில் ஓடும் சில்லறைத் துடிப்புகள் முடிச்சின் இந்தக் குணத்தாலும் பரிவு நரம்பின் தடையாலும் அங்கேயே அடங்கிவிடும். கழிக்கும் நேரத்தில் பாய்ந்து வரும் துடிப்புகள் தடையை மீறிப் போய்விடும். சல்லடைக்கு இது கொஞ்சம் நெருக்கமானது: சிறியது தங்கும் என்பதுதான் தலைகீழ்.

ஆக, பரிவு நரம்பு டெட்ரூசரைத் தளர்த்துகிறது என்று சொல்வதைவிட, டெட்ரூசரைச் சுருக்க வருபவனை வாசலில் மறிக்கிறது என்று சொல்வது பூனையைப் பொறுத்தவரை உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். எலியில் முடிச்சின் அமைப்பே வேறு என்பதால் அங்கே படம் மாறுகிறது. பரிவுத் தூண்டல் சில நிலைகளில் கடத்தலை ஊக்குவிப்பதையும் கண்டிருக்கிறார்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கே வைத்துவிட வேண்டும். பை அழுத்தம் ஏறாமல் விரிவதற்கு நரம்பு மட்டும் காரணமில்லை. தசையும் இடையிலுள்ள கொலாஜன், எலாஸ்டின் இழைகளும் தாமாகவே இழுபடக்கூடியவை. சுருக்கங்களாக மடிந்திருக்கும் உட்சுவர் விரிந்து கொடுக்கும். நிரம்பும்போது அழுத்தம் குறைவாக இருப்பதில் பெரும்பங்கு இந்த இழுபடும் தன்மைக்கே உரியது. பரிவு நரம்பின் பங்கு அதன் மேல் சேரும் கூடுதல் காப்பு.

யார் கட்டளையிடுகிறார்கள்?

பரிவு நரம்பு எப்போதும் ஒரே அளவில் வேலை செய்துகொண்டிருப்பதில்லை. பை நிரம்ப நிரம்ப, சுவர் இழுபடுவதை உணரும் நரம்பிழைகள் இடுப்புக்கூட்டு நரம்பு வழியாகத் தண்டுவடத்தின் அடிப்பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி தண்டுவடத்துக்குள்ளேயே சில கண்டங்கள் மேலே ஏறி, பரிவு செல்களைத் தட்டியெழுப்புகிறது. அவை ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்பு வழியாகப் பதில் அனுப்புகின்றன. நிரம்புதலே தன்னைக் காக்கும் அனிச்சைச் செயலைத் தூண்டிக்கொள்கிறது. பூனைகளில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் இது விரிவாக அளக்கப்பட்டது. இதற்கு மூளை தேவையில்லை. மேலே தண்டுவடத்தைத் துண்டித்த பிறகும் இந்த அனிச்சை நடக்கிறது.

ஆனால் இதை நிறுத்த மூளை வேண்டும். மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் சிறுநீர் கழித்தலை இயக்கும் மையம் இருக்கிறது என்று பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பாரிங்டன் 1925இல் பூனைகளில் காட்டினார். இன்றும் அதற்கு அவர் பெயர்தான். அந்த மையம் ‘போ’ என்று சொல்லும்போது வரிசை இப்படி இருக்கும்: முதலில் வெளிச் சுருக்குத்தசை தளர்கிறது, பரிவு நரம்பின் தடை விலகுகிறது, ஓரிரு நொடிகளில் எதிர்ப்பரிவு நரம்பு முழுவேகத்தில் இயங்கி டெட்ரூசர் சுருங்குகிறது. தடையும் சுருக்கமும் ஒரே நேரத்தில் நடந்தால் மூடிய வாயை எதிர்த்துத் தசை தள்ள வேண்டியிருக்கும். அதைத் தவிர்ப்பதுதான் இந்த வரிசையின் நோக்கம்.

கழுத்து எதற்காக மூடுகிறது?

சேமிப்புக்காக என்று இதுவரை சொல்லிவந்தேன். ஆண்களில் அந்த விடை முழுமையானது அல்ல.

ஆணின் சிறுநீர்ப்பைக் கழுத்தில் மென்தசை வளையமாகச் சூழ்ந்திருக்கிறது. அதில் பரிவு இழைகள் மிக அடர்த்தி. பெண்ணின் கழுத்தில் அப்படியொரு முழு வளையம் இல்லை. தசை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகிறது, பரிவு இழைகளும் குறைவு. சிறுநீரை அடக்குவதற்கு இந்த வளையம் இன்றியமையாதது என்றால் பெண்களுக்கும் இருந்திருக்க வேண்டுமே?

விடை அறுவை சிகிச்சை அறையிலிருந்து வந்தது. விந்தகப் புற்றுநோய்க்காக வயிற்றின் பின்சுவரில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போது, பெருந்தமனியின் முன்னால் இறங்கும் பரிவு இழைகள் அறுபட நேரும். அப்படி அறுபட்டவர்களில் சிறுநீரை அடக்கும் திறன் பெரும்பாலும் அப்படியே இருந்தது. கெட்டுப்போனது வேறொன்று: விந்து வெளியே வருவதற்குப் பதிலாகப் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விட்டது, அல்லது வெளிப்படுவதே நின்றுவிட்டது. விந்து வெளிப்படும் நொடியில் கழுத்தை இறுக மூடிப் பின்வழியை அடைப்பது பரிவு நரம்பின் வேலை. ஆணின் கழுத்தில் அந்த இழைகள் அவ்வளவு அடர்ந்திருப்பதற்குச் சிறுநீரைவிட இதுதான் முதன்மைக் காரணம் என்றே எனக்குப் படுகிறது. இதை உணர்ந்த பிறகு அறுவை மருத்துவர்கள் அந்த மெல்லிய இழைகளைத் தேடிப் பிரித்து ஒதுக்கிவைத்துவிட்டு நிணநீர் முடிச்சுகளை அகற்றும் முறையை வகுத்துக்கொண்டார்கள்.

பரிவு நரம்பு போனாலும் அடக்கும் திறன் ஏன் போகவில்லை? இழுபடும் சுவர் இருக்கிறது, வெளிச் சுருக்குத்தசை இருக்கிறது, நரம்பு முடிச்சுகளின் கஞ்சத்தனம் இருக்கிறது. ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கிக்கொள்கின்றன.

மருந்துக் கடைக்கு வந்த ஏற்பிகள்

புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடும் முதியவர்களுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள ஆல்பா-1 ஏற்பிகளை அடைக்கிறது. தசை தளர்ந்து வழி கொஞ்சம் விரிகிறது. மேலே சொன்னதைப் படித்தவர்களுக்கு இதன் பக்கவிளைவை ஊகிப்பது கடினமில்லை: விந்து வெளிவருவது குறையலாம் அல்லது நின்றுபோகலாம். ஊகிக்க முடியாத பக்கவிளைவும் ஒன்று உண்டு. கண்ணின் கருவிழித்திரையை விரிக்கும் தசையிலும் இதே ஏற்பி இருப்பதால், கண்புரை அறுவையின்போது அது தொளதொளவென்று அலைபாய்ந்து மருத்துவரைத் திணறடிக்கும். கண் அறுவைக்கு முன் இந்த மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது அதனால்தான்.

மறுபக்கம், சளிக்கும் மூக்கடைப்புக்கும் கொடுக்கும் சூடோஎஃபிட்ரின் போன்ற மருந்துகள் ஆல்பா ஏற்பிகளைத் தூண்டுபவை. மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்க வந்த மருந்து சிறுநீர்ப்பையின் கழுத்தையும் இறுக்குகிறது. ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கியிருப்பவருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோக இது போதும். இதே தன்மையைக் கால்நடை மருத்துவர்கள் நன்மையாக்கிக்கொண்டார்கள்: கருப்பை, சினைப்பை அகற்றப்பட்ட பெண் நாய்களில் சிறுநீர் தானாகக் கசிவதற்கு ஃபினைல்புரோப்பனோலமைன் கொடுக்கிறார்கள். வடிகுழாயின் தசை இறுகிக் கசிவு நிற்கிறது.

பீட்டா-3இன் கதை சற்றுச் சுற்றிவளைத்து வந்தது. அதன் மரபணு 1989இல் கண்டறியப்பட்டபோது எல்லார் கவனமும் கொழுப்புத் திசுவின் மேல் இருந்தது. உடல் பருமனுக்கும் நீரிழிவுக்கும் மருந்து கிடைக்குமா என்று தேடினார்கள். மனிதச் சிறுநீர்ப்பையில் பீட்டா வகை ஏற்பிகளுக்கான ஆர்.என்.ஏ.வில் 95 சதவீதத்துக்கும் மேல் பீட்டா-3க்கு உரியது என்று தெரிந்ததும் பாதை திரும்பியது. மிராபெக்ரான் என்ற மருந்து 2011இல் ஜப்பானிலும் 2012இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அடக்க முடியாமல் அடிக்கடி முட்டும் தொல்லை உள்ளவர்களுக்கு அதுவரை இருந்த மாத்திரைகள் பெரும்பாலும் எதிர்ப்பரிவு நரம்பின் ஏற்பிகளை அடைப்பவை. வாய் வறட்சி, மலச்சிக்கல் என்று பாதிப்பேர் பாதியில் நிறுத்திவிடும் ரகம். மிராபெக்ரானில் வாய் வறட்சி வெகு குறைவு. இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றக்கூடியது என்பதால் கட்டுப்படாத உயர் அழுத்தம் உள்ளவர்களுக்குத் தருவதில்லை.

எலியில் மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் இந்த மருந்தின் அருமை பிடிபடுவது தாமதமாகியிருக்கும். எலியின் டெட்ரூசரைத் தளர்த்துவதில் பீட்டா-2வுக்கும் கணிசமான பங்கு உண்டு. மனிதரில் அது ஒப்புக்குத்தான். எலியட்டின் பழைய எச்சரிக்கை மறுபடியும்.

பயந்தால் ஏன் முட்டுகிறது?

இவ்வளவும் படித்தவர் கேட்கக்கூடிய கேள்வி இது. பயமும் பதற்றமும் பரிவு நரம்பைத் தூண்டும் என்கிறீர்கள். பரிவு நரம்பு சிறுநீரைச் சேமிக்கச் சொல்லும் என்கிறீர்கள். பிறகு தேர்வு அறைக்குள் நுழையும் முன் ஏன் கழிப்பறை வாசலில் வரிசை நிற்கிறது?

பரிவு நரம்பு மண்டலம் உடல் முழுவதும் ஒரே நேரத்தில் எரியும் விளக்கு என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. இதயத்துக்குப் போகும் இழைகளும், தோலுக்குப் போகும் இழைகளும், சிறுநீர்ப்பைக்குப் போகும் இழைகளும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன. நெஞ்சு படபடக்கிறது என்பதாலேயே சிறுநீர்ப்பையின் பரிவு நரம்பும் உச்சத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. அதோடு, எப்போது கழிப்பது என்ற முடிவு பான்ஸுக்கும் அதற்கு மேலே உள்ள மூளைப் பகுதிகளுக்கும் உரியது. பதற்றம் அந்த மேலிடத்தையும் தொடுகிறது. உடலின் சிறு உணர்வுகளின் மேலும் கவனம் கூர்மையாகிறது; வழக்கமாக நாம் கண்டுகொள்ளாத 150 மில்லிலிட்டர் அப்போது அவசரமாகத் தெரியும். அந்த நேரத்தில் போய்வந்தவர்கள் பெரும்பாலும் கொஞ்சம்தான் கழித்திருப்பார்கள். இதற்கு நேர் எதிரான அனுபவமும் பலருக்கு உண்டு: பக்கத்தில் ஆள் நிற்கும் பொதுக் கழிப்பறையில் பை நிரம்பியிருந்தும் தொடங்கவே மாட்டேன் என்கிறது. இரண்டும் பதற்றம்தான். விளைவு எதிரெதிர்.

தண்டுவடம் அறுபட்டால்

விபத்தில் தண்டுவடம் அறுபட்டவர்களில் பான்ஸிலிருந்து வரும் கட்டளை கீழே எட்டாது. வாரக்கணக்கில் சிறுநீர்ப்பை செயலற்றுக் கிடந்த பிறகு, தண்டுவடத்தின் அடிப்பகுதி தன் சொந்த அனிச்சையால் அதைச் சுருக்கத் தொடங்கும். ஆனால் தளர்வதற்கும் சுருங்குவதற்கும் இடையே பான்ஸ் காத்துவந்த வரிசை இப்போது இல்லை. டெட்ரூசர் சுருங்கும் அதே நேரத்தில் சுருக்குத்தசையும் இறுகும். பைக்குள் அழுத்தம் ஏறி, நாளடைவில் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

காயம் 6ஆம் மார்புக் கண்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு. நிரம்பிய பையிலிருந்து வரும் செய்தி தண்டுவடத்தில் ஏறி, சிறுநீர்ப்பைக்கான பரிவு செல்களோடு நிற்காமல், காயத்துக்குக் கீழே இருக்கும் பரிவு செல்களையெல்லாம் கிளறிவிடுகிறது. வயிற்றுப் பகுதியின் இரத்தக் குழாய்கள் மொத்தமாகச் சுருங்கி இரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை வெடிப்பதுபோல் வலி, முகத்திலும் கழுத்திலும் வியர்வை, பெரும்பாலும் இதயத் துடிப்பு மட்டும் குறைந்து காணப்படும். மூளை இரத்த அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. கவனிக்காவிட்டால் மூளையில் இரத்தக் கசிவு வரை போகக்கூடிய அவசரநிலை இது. அப்போது அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தைத் தேடுவதற்கு முன்பே, நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்திவிட்டு, சிறுநீரை வடிக்கச் செருகியிருக்கும் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மடிப்பை நீக்கிப் பை வடிந்ததும், பல நேரங்களில் சில நிமிடங்களிலேயே அழுத்தம் இறங்கிவிடுகிறது.